தண்ணிக் கஞ்சியில் எடை ஏறாது

மெலிந்த குழந்தைக்கு எடை ஏற்றும் வழி இது. முதலில் கை அளவு. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு இடது மேல்கையின் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள், இறுக்கவேண்டாம். 11.5 செ.மீ.க்கும் 12.5-க்கும் நடுவே இருந்தால் மிதமான ஊட்டக்குறைவு. கீழே சொல்வது ஒரு வயது தாண்டிய இத்தகைய குழந்தைகளுக்கு. 11.5-க்குக் கீழே போனாலோ, இரு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நின்றாலோ, பசியே எடுக்காவிட்டாலோ அன்றே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். அந்த நிலையில் வீட்டில் திடீரென நிறைய ஊட்டினால் ரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

8 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மி.லி. கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி மாவு கரைத்த கஞ்சியே அதை நிரப்பிவிடும். கிடைப்பது ஏறக்குறைய 35 கலோரி. குழந்தை வயிறு நிறையக் குடித்தும் மெலிவது இதனால்தான்.

அதே வயிற்றுக்கு இப்படிச் செய்யலாம்: வறுத்த கேழ்வரகு மாவு 25 கிராம், பொட்டுக்கடலை மாவு 10, நிலக்கடலைப் பொடி 10, வெல்லம் 10, தண்ணீர் 200 மி.லி. வெந்து இறக்கும்போது ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய். சுமார் 250 கலோரி, 6 கிராம் புரதம். பூஞ்சை வாடை அடிக்கும் நிலக்கடலையைத் தூக்கிப் போடுங்கள். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்தே கொடுங்கள்.

இது களி மாதிரி இறுகும். உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். முளைகட்டிய கேழ்வரகை வெயிலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்த கஞ்சி கொதி அடங்கியதும், நல்ல சூடு இருக்கும்போதே, இந்த மாவில் அரைத் தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். சில நிமிடங்களில் கஞ்சி கண்ணெதிரே இளகி, கரண்டியிலிருந்து வழியும். மாவுச்சத்தை உடைக்கும் நொதிதான் இந்த வேலையைச் செய்கிறது. முளைமாவை வறுத்தால் அது செத்துவிடும். இளகியபின் ஒருமுறை கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஊட்டுங்கள்.

சோற்றிலும் இதே கணக்குதான்: ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு, எண்ணெய், முட்டை. பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாக ஐந்து வேளை, தாய்ப்பாலும் தொடரட்டும். தனிக் கிண்ணத்தில் போட்டால்தான் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும். அங்கன்வாடி சத்துமாவை வீடே பகிர்ந்து சாப்பிட்டால் அந்தக் குழந்தைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், பல வீடுகளில் கோட்டைவிடுவது இங்கேதான். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். குணமானபின் இரண்டு வாரம் கூடுதலாக ஒரு வேளை.

வாரம் ஒருமுறை அதே தராசில், உடையில்லாமல் எடை பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு வாரம் ஏறாவிட்டால் காசநோய், சிறுநீர்த்தொற்று, குடற்புழு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.