வள்ளி திருமணத்துக்குப் பெரிய பெயரைப் பிடிக்கும் முன்

திருவிழாக் கமிட்டியில் நாடகப் பேச்சு தொடங்கியதும் முதலில் வரும் கேள்வி, "இந்த வருஷம் யாரைக் கூட்டிட்டு வர்றோம்?" என்பதுதான். எந்த நாடகம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் சிவகங்கைப் பக்கம் அது பெரும்பாலும் வள்ளி திருமணமாகத்தான் இருக்கும். கதை குழந்தைக்கும் தெரியும். வேலன் யார், வள்ளி யார், நாரதர் யார், சிரிப்புக் காட்டும் பபூன் யார் என்பதற்குத்தான் ஊர் காத்திருக்கும். எங்கள் ஊரில் ஆட்களைப் பேசி முடிக்கும் வேலை பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரி நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர், அது நடக்கும் விதத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. வேலனாக நடிக்கும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், வள்ளியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, ஆர்மோனியம் காரைக்குடியிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. பல நேரம் அன்று ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்படியும் விடிய விடிய நாடகம் நடக்கிறது என்றால், 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த பாட்டும் வசனமும் அத்தனை பேருக்கும் பாடம் என்பதால்தான். ஒருவர் அடி எடுத்துக்கொடுத்தால் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். அந்தப் பாடம் தெரியாத ஒருவர் நடுவில் வந்து நின்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே முதல் விதி: பெயரைத் தேடாதீர்கள், ஜோடியைத் தேடுங்கள். பெரிய பெயருக்காகக் கூட்டம் வரும். ஆனால் இரண்டு மணிக்கு மேலும் பாயில் உட்கார்ந்திருப்பது தர்க்கத்துக்காகத்தான். நாரதரும் வள்ளியும் வாதாடுவது, பிறகு வேலனும் வள்ளியும் வாதாடுவது, இந்த இரண்டும்தான் நாடகத்தின் உயிர். பேச்சுக்குப் பேச்சு, பாட்டுக்குப் பாட்டு கொடுக்கிற ஆள் எதிரில் இல்லையென்றால் எவ்வளவு பெரிய ராஜபார்ட்டும் தனியாகக் கச்சேரி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்கிறோம். 1926இல் இலங்கையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கியவர்கள். 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது. அத்தனை குறைந்த காலம் மேடையில் நின்ற ஜோடியை இன்னும் ஊர் பேசுகிறது. இரண்டு பேரும் தனித்தனியாகவே பெரிய பாடகர்கள். அப்படியிருந்தும் சேர்ந்து நின்ற மேடைதான் ஜனங்கள் மனதில் நிற்கிறது.

ஜோடி பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏஜெண்டிடம் கேட்டால் எல்லோரையும் நல்ல ஜோடி என்பார், அது அவர் தொழில். ஆர்மோனியக்காரரிடம் கேளுங்கள். "அண்ணே, இந்த ரெண்டு பேருக்கும் நீங்க வாசிச்சிருக்கீங்களா? தர்க்கம் எப்படிப் போச்சு?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். இருவரும் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுவார்கள் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ராஜபார்ட் நாலு கட்டை, ஸ்திரீபார்ட் ஐந்தரைக் கட்டை என்றால் தனிப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, ஆளுக்குத் தகுந்தபடி அவர் மாற்றி வாசித்துவிடுவார். கேள்வியும் பதிலுமாக மாறி மாறிப் பாடும் இடத்தில்தான் சிக்கல். யாராவது ஒருவர் இறங்கிப் பாட வேண்டும், அல்லது எட்டாத இடத்துக்குத் தொண்டையைக் கிழிக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்குக் கட்டைக் கணக்கு தெரியாவிட்டாலும், ஏதோ இழுபறி என்பது உடனே தெரிந்துவிடும்.

இப்போது பல ஊர்களில் நடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இளைஞர்கள் டிவி பாட்டுப் போட்டியில் பாடியவரையோ, சின்னத்திரைக் காமெடியரையோ, ஒன்றிரண்டு படத்தில் தலைகாட்டியவரையோ கூட்டிவர வேண்டும் என்பார்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இளைஞர்களும் திருவிழா வரியில் பங்கு கொடுக்கிறவர்கள், அவர்களுக்கும் இந்த ராத்திரியில் இடம் வேண்டும். அப்படி வருகிறவரை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். பக்கத்து ஊர் ஒன்றில் டிவியில் பெயர் வாங்கிய ஒரு பாடகரையே வேலனாகப் போட்டார்கள். நல்ல குரல். முதல் பாட்டுக்கு விசில் பறந்தது. ஆனால் அவர் கரோக்கி டிராக்குக்குப் பாடிப் பழகியவர். ஆர்மோனியமும் மிருதங்கமும் பாடுகிறவர் பின்னால் வரும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை, வாத்தியம் எடுத்துக்கொடுக்கட்டும் என்று காத்து நின்றார். தர்க்கம் வந்தது. வள்ளி ஒரு கேள்வி போட்டார். அவரிடமிருந்து பதில் இல்லை, சிரித்தார். அந்த அம்மா அனுபவசாலி. "நீர் இப்படித்தானே சொல்ல வருகிறீர்?" என்று அவருடைய பதிலையும் தானே சொல்லி, அதற்கு மறுப்பையும் தானே பாடி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியாக இழுத்துக்கொண்டு போனார். கைதட்டல் முழுக்க வள்ளிக்குத்தான். அந்தப் பாடகர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கியது எனக்கு வருத்தமாக இருந்தது. பிழை அவருடையது இல்லை, அவரை அங்கே நிறுத்தியவர்களுடையது.

டிவி முகத்துக்கு ஏற்ற இடம் நாடகத்தின் முன்பகுதி. பத்து மணிக்குக் கடவுள் வாழ்த்து, அப்புறம் பபூன், டான்ஸ். கதை சூடுபிடிக்க நள்ளிரவு ஆகிவிடும். இந்த முன்பகுதியில் விருந்தாளியாக அவரை மேடையேற்றி, நாலைந்து பாட்டு பாடவிட்டு, பபூனோடு கொஞ்சம் பேசவிட்டால் இளவட்டங்களுக்குத் திருப்தி. பபூனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தன் நேரத்தில் இன்னொருவர் நுழைவதை மேடையில் வைத்துத்தான் அவர் தெரிந்துகொண்டார் என்றால் அது மரியாதையில்லை. பன்னிரண்டுக்குள் விருந்தாளியை அனுப்பிவிடுங்கள். நேரம் தாண்டினால் அவரைப் பார்க்க வந்த கூட்டம் அவரோடு சேர்ந்தே எழுந்து போகும், காலியான பந்தலில் வேலன் வந்து நிற்பார்.

நோட்டீஸில் உண்மையைப் போடுங்கள். டிவிக்காரரின் படத்தை நடுவில் பெரிதாகப் போட்டு, அதன் கீழே "வள்ளி திருமணம்" என்று அச்சடித்தால் அவர்தான் முருகன் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். "சிறப்பு விருந்தினர், இரவு 11 மணிக்கு" என்று தெளிவாக இருக்கட்டும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இருவர் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. நோட்டீஸைப் பார்த்துவிட்டு மனக்கசப்போடு மேடையேறுகிறவரிடமிருந்து நல்ல தர்க்கம் வராது.

சரி, அன்று ராத்திரிக்கு வருவோம். காவல் நிலையத்தில் அனுமதி எழுதிக் கேட்கும்போதே, தெரிந்த முகம் வருகிறது, வெளியூர்க் கூட்டமும் வரும் என்று குறிப்பிட்டுவிடுங்கள். பெண் கலைஞர்களுக்கு மேடைக்குப் பக்கத்தில், உள்ளே தாழ்ப்பாள் போடுகிற அறையும் கழிப்பறையும் உள்ள ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். நாலு தட்டியை மறைத்துவிட்டு மேக்கப் ரூம் என்று சொல்லும் காலம் போகட்டும். செல்பி எடுக்கிறேன் என்று பையன்கள் பின்பக்கம் நுழையாமல் இருக்க, கமிட்டியில் வயதில் மூத்த ஒருவரை அங்கேயே நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். இளைஞரை வைத்தால் சிநேகிதர்களை உள்ளே விட்டுவிடுவார்.

அன்பளிப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. யாரும் மேடையேறி, கலைஞரின் உடையில் ரூபாய் நோட்டுக் குத்தக் கூடாது. குறிப்பாக ஸ்திரீபார்ட்டுக்கும் டான்ஸ் ஆடும் பெண்ணுக்கும். பாராட்டு என்ற பெயரில் கை எங்கெல்லாம் போகிறது என்பதை மேடை ஓரத்தில் நின்றவர்கள் அறிவார்கள். பணம் கொடுக்க நினைப்பவர் கமிட்டி ஆளிடம் பெயரோடு கொடுக்கட்டும், தட்டில் வைத்து அந்தக் கமிட்டி ஆளே கலைஞரிடம் சேர்ப்பார். அறிவிப்பையும் பாட்டின் நடுவில் செய்யாதீர்கள். வேலன் "காயாத கானகத்தே" எடுத்திருக்கிறார், கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறார்கள், அந்த நேரத்தில் மைக்கில் "அன்பளிப்பு ரூபாய் நூறு" என்று கத்தினால் பாட்டும் போச்சு, அவர்கள் காத்திருந்ததும் போச்சு. பெயர்களைச் சேர்த்து வைத்து, காட்சி முடிந்ததும் மொத்தமாக வாசியுங்கள். கொடுத்தவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், போகப் போகப் பழகிவிடும்.

கூட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். விசிலை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் பின்னால் நிற்கிற ஒரு சின்னக் கும்பலிடமிருந்து வருவது. முன்வரிசைப் பெண்களைப் பாருங்கள். தூங்கும் குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு மேடையையே பார்க்கிறார்கள் என்றால் நாடகம் பிடித்துவிட்டது. பாயைச் சுருட்டத் தொடங்கினாலும், டீக்கடைப் பக்கம் பேச்சுச் சத்தம் கூடினாலும் ஏதோ தளர்ந்துவிட்டது. அப்போது ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஆர்மோனியக்காரரிடம் கொடுத்தால் போதும். ஒரு பாட்டைக் குறைத்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவது எப்படி என்று அவருக்குத் தெரியும். "சினிமாப் பாட்டுப் போடு" என்று குரல் வந்தால் பபூன் பார்த்துக்கொள்வார். வள்ளியை அதற்குப் பணியவைக்காதீர்கள். மெட்டில் ஒன்றிரண்டு சினிமாச் சாயல் வருவது பழைய வழக்கம்தான், அதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

பெரிய பெயர் வரவில்லை என்றால்? வண்டி பழுதாகும், தொண்டை கட்டும், முந்தின ராத்திரி நாடகம் எங்கோ தூரத்து ஊரில் இருந்திருக்கும். ஒன்பது மணிக்குத் தெரிந்தால் ஒன்பதரைக்கே மைக்கில் சொல்லிவிடுங்கள். "வந்துகொண்டே இருக்கிறார்" என்று ஒரு மணி வரை ஓட்டினால்தான் நாற்காலி பறக்கும். நேரத்தோடு சொன்னால் முணுமுணுப்போடு முடிந்துவிடும். நாடக நடிகர் சங்கத்துக்குப் போன் போட்டால் தேதி இல்லாமல் வீட்டில் இருக்கிற நல்ல ராஜபார்ட் ஒருவர் கிடைக்கக் கூடும். பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதன் அருமை அன்றைக்குத் தெரியும். அப்படி வந்து கைகொடுப்பவருக்குப் பேசிய சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.

சம்பளத்தை விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அட்வான்ஸ் போக மீதியைக் கடைசிக் காட்சிக்கு முன்பே தனித்தனிக் கவரில் போட்டு, வாத்தியக்காரர்கள் உட்பட ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொடுங்கள். திருமணக் காட்சி முடிந்து மங்களம் பாடியதும் அவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். அடுத்த ராத்திரி வேறு ஊர்.

மறுநாள் ஊர் என்ன சொல்கிறது என்பதை ஸ்டேட்டஸில் தேடாதீர்கள், அதில் டிவிக்காரர் படம்தான் இருக்கும். தண்ணீர்க் குழாயடியிலும் நூறுநாள் வேலை நடக்கிற இடத்திலும் காது கொடுங்கள். வள்ளி சொன்ன பதிலைத் திரும்பச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றால் அந்த ஜோடிக்கே மறுபடியும் தேதி கேளுங்கள். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். பங்குனி, சித்திரையில் நல்ல ஜோடிக்கு ஒரே ராத்திரிக்குப் பல ஊர்கள் அலையும். தை பிறந்ததும் அட்வான்ஸோடு போய்விடுங்கள். இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, எதிரில் யார் என்பதையும் சொல்லியே தேதி வாங்குங்கள்.