முதல்ல தூங்குங்க, அப்புறம் குழந்தையோட அழகு தானா கண்ணுல படும்

குழந்தை பொறந்து மூணாவது நாள், துணி மடிச்சிட்டு இருந்தேன், நடுவுல கட்டைவிரல் சைஸ்ல ஒரு சாக்ஸ் வந்துச்சு, அவ்ளோதான், அழ ஆரம்பிச்சுட்டேன், நிக்கவே இல்ல. சந்தோஷமா இருக்க வேண்டிய நேரத்துல ஏன் அழுறன்னு எல்லாரும் கேட்டாங்க, எனக்கே தெரியல. இப்போ தெரியும். நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன்ங்கிற ரெண்டு ஹார்மோனும் சில நாள்லயே மடமடன்னு இறங்கிடும், கூடவே தூக்கமும் போயிடும். பாதிக்கு மேல அம்மாக்களுக்கு இந்த அழுகை வரும், பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள அடங்கிடும். பாசம் இல்லாததால வர்றது இல்லம்மா இது, தயவுசெஞ்சு உங்களையே திட்டிக்காதீங்க.

இந்த நேரத்துல "ஒவ்வொரு நிமிஷத்தையும் ரசி"ன்னு சொல்றவங்க பேச்சை கொஞ்சம் தள்ளி வைங்க. கண்ணு எரியும்போது எதையும் ரசிக்க முடியாது. முதல் வேலை தூக்கம்.

பச்சக்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், தூங்குறதும் துண்டு துண்டாதான். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்குன்னு சொல்லுவாங்க, பாதி நாள் அது நடக்காது. அதனால ராத்திரியை பிரிச்சுக்கோங்க. நாங்க பண்ணது, 9 மணி பால் குடுத்ததும் நான் போய் படுத்துடுவேன், 1 மணி வரைக்கும் அவர் பொறுப்பு. நடுவுல பசிச்சு அழுதா பக்கத்துல கொண்டு வந்து விடுவார், குடிச்சதும் தூக்கிட்டு போய் தோள்ல போட்டு தட்டி ஏப்பம் விட வைக்கிறது, டயப்பர் மாத்துறது எல்லாம் அவர்தான், நான் எழுந்து உட்காரக்கூட மாட்டேன். நாலாவது நாளே எனக்கு வெளிச்சம் வெளிச்சமா தெரிஞ்சுச்சு.

இப்போ பாருங்க. பொறந்த குழந்தைக்கு 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தூரம் வரைக்கும்தான் ஓரளவு தெளிவா தெரியும், மடியில போட்டு பால் குடுக்கும்போது உங்க முகம் இருக்கிறது கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஒரு நாள்ல ஒரே ஒரு பாலுக்கு மட்டும் ஃபோனை தள்ளி வச்சுட்டு குனிஞ்சு பாருங்க, வயிறு நிறைஞ்சதும் கீழ் உதடு லேசா நடுங்கும், இறுக்கி மூடியிருந்த கை மெதுவா விரியும், விரல் இடுக்குல துணி நூல் ஒட்டியிருக்கும். பேசுங்க, வயித்துக்குள்ள இருந்தே கேட்ட குரல் அது, குழந்தைக்கு அடையாளம் தெரியும்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வரேன். "கொஞ்சம் உதவி பண்ணுங்க"ன்னு பொதுவா சொன்னா ஒண்ணும் நடக்காது, ஒரு வேலையை முழுசா அவர்கிட்ட விட்டுடுங்க. எங்க வீட்ல குளிப்பாட்டுறது அவருது. அவர் துணியை சுத்துற விதம் எனக்கு பிடிக்காது, ரெண்டு வாரம் பக்கத்துல நின்னு குறை சொன்னேன், அவர் கை நடுங்க ஆரம்பிச்சுது, அப்புறம்தான் வெளிய வந்து உட்கார்ந்தேன். உள்ள இருந்து அவர் குழந்தைகிட்ட தனியா பேசிட்டு இருந்தது கேட்டுச்சு, என்கிட்ட இதுவரை சொல்லாத பயத்தையெல்லாம் சொல்லிட்டு இருந்தார். அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும், யாரும் கேக்குறதில்ல, நீங்க கேளுங்க. தினமும் பத்து நிமிஷம் குழந்தை பேச்சு இல்லாம ரெண்டு பேரும் பேசுங்க. நெருக்கத்துக்கு அவசரமே வேணாம், உடம்பு ஆறவே ஆறு வாரமாவது ஆகும், மனசும் தயாராகணும், அதை வாயத் திறந்து சொல்லிடுங்க.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க. ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கல, குழந்தை தூங்கியும் உங்களுக்கு தூக்கம் வரல, எதுலயும் ஒட்டுதல் இல்லன்னா டாக்டர்கிட்ட போங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு இருக்கான்னு பார்க்க 1987ல இருந்து எடின்பர்க் அளவுகோல்னு 10 கேள்வி இருக்கு, சில நிமிஷத்துல முடிஞ்சிடும், அதை வச்சே பேச்சை ஆரம்பிக்கலாம். சிகிச்சையில நல்லா சரியாகும், பால் குடுத்துக்கிட்டே எடுக்கக்கூடிய மருந்தும் இருக்கு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிக்கணும்னு எண்ணம் வந்தா, குழந்தையை நம்பிக்கையான ஒருத்தர் கையில குடுத்துட்டு அன்னைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.

ஆறாவது வாரம் பக்கம் குழந்தை அழுறது உச்சத்துக்கு போகும், ரொம்ப தளர்ந்துடுவோம். ஆனா உங்க முகத்தைப் பார்த்து முதல் சிரிப்பு வர்றதும் கிட்டத்தட்ட அப்போதான். எங்களுக்கு விடியக்காலையில டயப்பர் மாத்தும்போது வந்துச்சு. நான் ஓடிப் போய் அவரை எழுப்பி கூட்டிட்டு வந்தேன், அவர் வந்து நின்னதும் சிரிக்கல. லைட்டைக்கூட போடாம ரெண்டு பேரும் குனிஞ்சபடியே கால் மணி நேரம் நின்னுட்டு இருந்தோம்.