கல்லூரி ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைனைக் கவனிப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவரின் கண்கள் பந்தின் பின்னாலேயே ஓடுகின்றன. தொலைக்காட்சிக் கேமராவும் விருதுக் குழுக்களும்கூட அப்படித்தான். சிறந்த கல்லூரி வீரருக்கு 1935 முதல் வழங்கப்பட்டுவரும் ஹைஸ்மன் விருது இன்றுவரை, பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையான அஃபென்சிவ் லைனின் ஐவரில் எவருக்கும், அதாவது ஓர் அஃபென்சிவ் டேக்கிளுக்கோ, கார்டுக்கோ, சென்டருக்கோ கிடைத்ததில்லை. 1973இல் ஒஹாயோ ஸ்டேட் அணியின் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வரை வந்தார், அவ்வளவே. தேரோட்டத்தில் கூட்டம் முழுவதும் உற்சவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்தான் தேர் திரும்புவதையும் நிற்பதையும் தீர்மானிக்கிறார். இந்த ஐவரின் வேலையும் அத்தகையதே. இவர்களைப் பார்க்கப் பழகிவிட்டால், ஸ்கோர்போர்டு சொல்வதற்கு வெகு முன்பே ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஐவரையும் அடையாளம் காணுங்கள். பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டுகள். அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். இவர்களின் சட்டை எண்கள் 50க்கும் 79க்கும் இடையில் இருக்கும். அந்த எண்ணை அணிந்தவர் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதி அனுமதிப்பதில்லை. எனவே, பந்தைத் தொடாமலேயே ஒரு பருவம் முழுவதும் ஆடி முடிக்கும் வாய்ப்பு இவர்களுக்கு உண்டு. பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் வலது கைக்காரரானால் அவருக்கு இடது டேக்கிள் மிக முக்கியமானவர் என்று சொல்வதற்குக் காரணம், எறியத் திரும்பும்போது குவார்ட்டர்பேக்கின் முதுகு இருக்கும் பக்கத்தை அந்த டேக்கிளே காக்கிறார் என்பதுதான்.

ஸ்நாப்புக்கு முன், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதற்கு முன், அவர்கள் நிற்கும் விதத்தைப் பாருங்கள். தரையில் ஊன்றிய கையின் மீது உடல் எடை முழுவதும் சாய்ந்திருந்தால் முன்னோக்கி மோதப்போகிறார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் இந்த அடையாளத்தை அதிகம் நம்பவேண்டாம். இன்றைய கல்லூரி அணிகள் பலவற்றில் ஐவரும் ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் கை ஊன்றாமலேயே நிற்கிறார்கள். அதைவிடப் பயனுள்ளது சென்டரின் விரல். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்களான லைன்பேக்கர்களில் ஒருவரைச் சுட்டிக்காட்டி அவர் ஏதோ கத்துவார். யார் யாரைத் தடுப்பது என்ற பங்கீடு அந்தக் கணத்தில்தான் முடிவாகிறது.

பந்து நகர்ந்ததும் முதல் இரண்டு விநாடிகளுக்கு அதை மறந்துவிடுங்கள். ஐவரும் பின்வாங்கி அரைவட்டமாக வளைந்தால் அது எறிதல். முன்னே பாய்ந்தால் பெரும்பாலும் ஓட்டம். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் பந்து எறியப்படுவதற்கு முன் இவர்கள் பந்து வைக்கப்பட்ட கோட்டைத் தாண்டி ஒரு கெஜம்தான் செல்லலாம். கல்லூரியில் மூன்று கெஜம் வரை செல்லலாம். அந்தச் சலுகையைப் பயன்படுத்தி, ஓட்டம் போலத் தொடங்கி எறிதலாக முடியும் ஆட்டங்களைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் தாராளமாக வகுக்கிறார்கள்.

ஓட்டத்தின்போது கவனிக்கவேண்டிய நுட்பம் இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளும் இடம். கார்டும் டேக்கிளும் தோளோடு தோள் சேர்ந்து எதிரணியின் கனத்த வீரர் ஒருவரைப் பின்னே நகர்த்துவார்கள். பிறகு அவர்களில் ஒருவர், தள்ளும் வேகம் குறையாமல் நழுவி, பின்னாலிருந்து ஓடிவரும் லைன்பேக்கரை மறிக்கச் செல்வார். அரை விநாடி முன்னதாக நழுவினால் முதல் ஆள் தப்பிவிடுவார்; பின்னதாக நழுவினால் லைன்பேக்கர் பந்தோடு வருபவரைப் பிடித்துவிடுவார். இந்தக் கணக்கு உடல் பருமனால் வருவதல்ல, பக்கத்தில் நிற்பவரோடு பல மாதங்கள் ஆடிய பழக்கத்தால் வருவது. 2015 முதல் வழங்கப்படும் ஜோ மூர் விருது எந்தத் தனிவீரருக்கும் இல்லாமல் ஒட்டுமொத்த லைனுக்கே கொடுக்கப்படுவதில் உள்ள நியாயம் இதுதான். 2024இல் அதை ராணுவக் கல்லூரி அணியான ஆர்மி வென்றது.

கைகளையும் கவனியுங்கள். எதிராளியின் மார்புச் சட்டகத்துக்குள் கை இருக்கும்வரை நடுவர் பெரும்பாலும் கண்டுகொள்ளமாட்டார். தோளுக்கு வெளியே சட்டையைப் பற்றி இழுத்தால் ஹோல்டிங், பத்து கெஜத் தண்டனை. ஒரு நல்ல தாக்குதலை அதுவே முடித்துவைக்கும்.

பயிற்சிக்கு ஒரு பருவத்தைப் பரிந்துரைக்கச் சொன்னால், மிச்சிகனின் 2023ஆம் ஆண்டையே சொல்வேன். அந்த நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட் மைதானத்தில், எதிரணித் தடுப்பின் இரு ஓரங்களிலும் நிற்கும் வீரர்கள் குவார்ட்டர்பேக்கை நெருங்கிக்கொண்டே இருந்தபோது, மிச்சிகன் எறிவதையே நிறுத்திவிட்டது. ஆட்டக் கணக்கின்படி தொடர்ச்சியாக 32 முறை ஓடி, 24–15 என்று வென்றது. என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் தடுக்க முடியவில்லை என்றால், அந்த வெற்றியை ஓடியவரின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. பதிவு கிடைத்தால் இரண்டாம் பாதியில் ஐவரின் குதிகால்கள் எந்தக் கோட்டில் இருக்கின்றன என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 17–17 என்று இருந்தபோது, வலது கார்டு ஸாக் ஸின்டரின் கால் முறிந்தது. வலது டேக்கிளாக இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே நகர்ந்து கார்டானார். ட்ரென்ட் ஜோன்ஸ் டேக்கிளாக வந்தார். அடுத்த ஸ்நாப்பிலேயே, பந்தோடு ஓடுபவரான பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி டச்டவுன் அடித்து, ஸின்டரின் எண்ணான 65ஐ விரல்களால் காட்டினார். மிச்சிகன் 30–24 என்று வென்றது. ஒருவர் விழுந்தால் யார் எங்கே நகர்கிறார் என்பதைக் கவனிக்கும் பழக்கம் உங்களுக்கு வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அணியின் ஆழம் தெரிவது அங்கே.

2024 ஜனவரி 8 அன்று இறுதிப் போட்டியில் மிச்சிகனின் எதிரி, அந்தப் பருவத்தின் ஜோ மூர் விருதை வென்ற வாஷிங்டன். மிச்சிகன் 303 கெஜம் ஓடி 34–13 என்று வென்றது. விருது தவறான கைக்குப் போனது என்று நான் நினைக்கவில்லை. வாஷிங்டன் லைனின் பெயர் எறிபவரைக் காப்பதில் வந்தது, மிச்சிகனின் பெயர் வழிதிறப்பதில் வந்தது. ஒரு லைனை மதிப்பிடும்போது இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியே எடைபோடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை ஐவரையும் ஒருசேரப் பார்க்க முயலவேண்டாம், கண் திணறும். பந்து ஓர் அணியின் கையில் இருக்கும் ஒரு முறை முழுவதும் வலது கார்டை மட்டும் பாருங்கள், அடுத்த முறை இடது டேக்கிளை. நான்காம் கால்பகுதியில் இரு பக்க வீரர்களும் எழுந்திருக்கும் வேகத்தை ஒப்பிடுங்கள்: தடுப்பவர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கும்போது, இந்த ஐவர் மட்டும் அடுத்த ஸ்நாப்புக்குக் கோட்டில் முதலில் வந்து நின்றுகொண்டிருப்பார்கள்.