கருப்பை வாயைப் பார்க்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பயிற்சி மருத்துவர் ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டு, படுத்திருந்த பெண்ணின் காதில் விழும்படியே "புண் இருக்கிறது" என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே சொல்லை அதே தொனியில் சொன்னவள் நான். கையுறை, வெளிச்சம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

சிவப்பைப் புண் என்பது

கருப்பை வாயின் வெளிப்புறத்தைப் பல அடுக்குச் செல்கள் மூடியிருக்கும். உட்கால்வாயில் இருப்பது ஒரே அடுக்கு. ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் அந்த உள்ளடுக்கு வெளியே பிதுங்கித் தெரியும். மெல்லியதாகையால் அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் சிவப்பாகக் காட்டும். பருவ வயதினர், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடம் இது சகஜம். எதுவும் உரியவுமில்லை, அழுகவுமில்லை.

நான் சீட்டில் 'புண்' என்று எழுதிக் கொடுத்தது மாத்திரை எடுத்துவந்த ஓர் இளம்பெண்ணுக்கு. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆறு மாதம் கழித்து, நான்காக மடித்த அதே சீட்டோடு வந்தார். அதை வேறோர் இடத்தில் காட்ட, அங்கே சூடு வைத்துச் சுட்டுவிட்டார்கள். வாரக்கணக்கில் நீராகக் கசிந்திருக்கிறது. "யாரிடமிருந்து தொற்றியது?" என்று கணவர் கேட்டாராம். பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களைத் தேய்த்தெடுத்துச் செய்யும் புற்றுநோய் முன்னறிசோதனை) மட்டும் யாரும் எடுக்கவில்லை, நான் உட்பட. அன்று எடுத்தேன், இயல்பாகவே இருந்தது.

சிவப்பைக் கண்டதும் சுடுகருவியைத் தேடுபவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தொந்தரவு தராத சிவப்புக்குச் சிகிச்சையே வேண்டாம். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் மட்டும் கதை வேறு: பழியை இந்தச் சிவப்பின் தலையில் போடுமுன் தொற்றும் புற்றுநோய் மாற்றங்களும் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். சீட்டில் கண்டதை எழுதுங்கள்: எங்கே சிவப்பு, தொட்டால் ரத்தம் வருகிறதா. பயிற்சி மருத்துவர் சீட்டில் எழுதிய 'புண்'ணை நானே அடித்துவிட்டேன்.

மஞ்சள் கொப்புளம்

நபோத் நீர்க்கட்டி: சளிச் சுரப்பியின் வாய் அடைபட்டு வரும், தீங்கற்ற கட்டி. குத்தாதீர்கள். (1707-இல் இவற்றை விவரித்த மார்ட்டின் நபோத்தே கருமுட்டைகள் என்றுதான் நினைத்தார்.)

துளையைப் பார்த்து ஜோசியம் சொல்வது

கருப்பை வாயின் துளை, குழந்தை பெறாதவருக்குப் பெரும்பாலும் வட்டம். சுகப்பிரசவத்துக்குப் பின் குறுக்குக் கீற்று. ஆனால் வலி வருமுன்பே சிசேரியன் ஆனவருக்கு வட்டமாகவே இருக்கலாம். பிரசவம் ஆனதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காணவில்லை என்று அழுத்துவது

சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கருப்பை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வாய் முன்பக்கம் திரும்பியிருக்கும். ஸ்பெகுலத்தைச் சற்றே வெளியே இழுத்து, கோணத்தை மாற்றுங்கள்.

கர்ப்பத்தில் நீல நிறம்

இயல்பு.

மாதவிடாய் நின்ற பின் மேலோட்டமாகத் தேய்ப்பது

கருப்பை வாய் சிறுத்து வெளுத்திருக்கும். இருவகைச் செல்களும் சந்திக்கும் எல்லை உட்கால்வாய்க்குள் ஏறிவிடும். வெளியே தேய்த்தெடுத்த ஸ்மியர் அதைத் தொட்டே இருக்காது. தூரிகையை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றுங்கள்.