பொது செல் கல்ச்சர் லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் (லேசரால் செல்லை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது), ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளப்பது), செல்லை உறையவைத்துச் சேமிக்கும் திரவ நைட்ரஜன் தொட்டி என்று எல்லாவற்றையும் ஒரு பேராசிரியர் தன் லேபுக்கு மட்டும் வாங்கிப் போட முடியாது. அதனால்தான் பல்கலைக்கழகங்களில் செல் உயிரியலுக்கென்று ஒரு பொது லேப் வைக்கிறார்கள். பல துறை மாணவர்கள் ஒரே இன்குபேட்டரில் செல் வளர்ப்பார்கள், ஒரே லென்ஸ் வழியாகப் பார்ப்பார்கள். சொந்த லேபில் தப்பு செய்தால் நம் ரிசல்ட் போகும். இங்கே செய்தால் முகம் தெரியாத இன்னொருவருடைய ரிசல்ட் போகும், ஏன் போனது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. யாரோ கொண்டுவந்த மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவால் மாசக்கணக்கில் வளர்த்த செல்லையெல்லாம் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் கருவி) போட்டுவிட்டு ஒரு ஸ்காலர் முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்தால் மனசு ஆறாது.

அதனால் மைக்கோபிளாஸ்மாவிலிருந்தே தொடங்குகிறேன். பக்கத்து லேப் நண்பர் ஒரு ஃப்ளாஸ்க் செல் கொடுத்தார், நன்றாக வளர்கிறது, மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) தெளிவாக இருக்கிறது, சரி என்று நேராகப் பொது இன்குபேட்டரில் வைத்துவிடுவார்கள். சாதாரண பாக்டீரியா வந்தால் மீடியம் கலங்கும், நிறம் மஞ்சளாகும், மறுநாளே தெரிந்துவிடும். மைக்கோபிளாஸ்மா அப்படியில்லை. ஒரு மில்லி மீடியத்தில் கோடிக்கணக்கில் இருந்தாலும் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் படாது, அளவில் அவ்வளவு சிறியது என்பதால் 0.22 மைக்ரான் ஃபில்டரையும் சில சமயம் தாண்டிவிடும். பென்சிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் செய்து கொல்கிறது, இதற்கோ சுவரே கிடையாது. ஆக, மீடியத்தில் பென்-ஸ்ட்ரெப் (பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை) போட்டிருக்கிறேன், கவலையில்லை என்று நினைப்பதுதான் இரண்டாவது தவறு. மற்ற பாக்டீரியாவை அது அடக்கி வைத்துவிடுவதால் கை சுத்தமில்லாமல் வேலை செய்வதும் வெளியே தெரியாமல் போகிறது. செல்லோ உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும்: வளர்ச்சி வேகம், ஜீன் வெளிப்பாடு, மருந்துக்குக் காட்டும் எதிர்வினை எல்லாம் மாறும், நீங்கள் அதையே ரிசல்ட் என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். புதிதாக வரும் எந்த செல்லையும் முதலில் தனி இன்குபேட்டரில் வையுங்கள். ஆண்டிபயாடிக் இல்லாமல் சில நாள் வளர்த்து, மீடியம் மாற்றிய கையோடு எடுக்காமல் செல் நிறைந்த பிறகு அந்த மீடியத்தை எடுத்து, மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை செய்யுங்கள். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயம் போட்டுப் பார்த்தாலும், நியூக்ளியஸுக்கு வெளியே பொடிப்பொடியாகப் புள்ளி மின்னினால் சந்தேகப்படலாம். வைத்திருக்கும் செல்லுக்கும் மாசம் ஒரு தடவையாவது சோதனை வேண்டும்.

அடுத்தது, உங்களிடம் இருப்பது நீங்கள் நினைக்கும் செல்தானா என்பது. 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்த ஹீலா செல் கட்டுக்கடங்காமல் வளரும். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் வெவ்வேறு பெயரில் புழங்கிய 18 மனித செல் வகைகளை எடுத்து ஒரு என்சைமின் வகையைச் சோதித்தார். எல்லாவற்றிலும் ஹீலாவில் இருக்கும் அதே வகை வந்தது. அத்தனையிலும் ஹீலா புகுந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது பலருக்கு அது ரசிக்கவில்லை. இது பழங்கதை இல்லை, இன்றைக்கும் நடக்கிறது, நடக்கும் விதமும் மிகச் சாதாரணம்: இரண்டு செல் வகையை ஒரே நேரத்தில் ஹூடில் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப் பெட்டி) திறந்து வைப்பது, செல்லைத் தொட்ட பைப்பெட்டை மறுபடி மீடியம் பாட்டிலுக்குள் விடுவது, ஒரே பாட்டிலை இரண்டு செல்லுக்கும் பயன்படுத்துவது. ஒரு துளி போதும், வேகமாக வளர்கிற செல் மெல்ல வளர்கிறதைச் சில வாரத்தில் காணாமல் செய்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு செல், ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில். பாஸேஜ் எண் (செல்லைப் புது ஃப்ளாஸ்குக்கு எத்தனை தடவை மாற்றினோம் என்ற கணக்கு) ஏறுவதற்கு முன்பே செல்லைச் சில வயல்களில், அதாவது சிறு குப்பிகளில், உறையவைத்துவிடுங்கள். செல்லை முடிந்தவரை புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற களஞ்சியத்திலிருந்து வாங்குங்கள், வேலை தொடங்கும்போதும் பேப்பர் அனுப்பும் முன்பும் செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்க்கும் எஸ்டிஆர் சோதனை செய்துவிடுங்கள்.

ஹூடுக்குள் ஸ்பிரிட் விளக்கு ஏற்றும் பழக்கம் நம் கல்லூரிகளில் அப்படியே தொடர்கிறது. மைக்ரோபயாலஜி பிராக்டிகலில் கற்றது, விட மனசு வராது. ஆனால் உயிர்ப் பாதுகாப்பு ஹூடில் மேலிருந்து இறங்கும் காற்றுதான் காவல், தீ மூட்டினால் சூடான காற்று மேலே எழும்பி அந்த ஓட்டத்தைக் குலைக்கிறது, போதாததற்குப் பக்கத்திலேயே 70 சதவீத ஆல்கஹாலைத் தெளிக்கிறோம். முன்பக்கக் கிரில் மேல் நோட்டையோ டிப் டப்பாவையோ வைத்தாலும் காற்று அடைபடும். யூவி போட்டுவிட்டோம் என்று துடைக்காமல் இருப்பதும் தப்பு, நிழல் விழும் இடத்தில் யூவி ஒன்றும் செய்யாது. ஈரப்பதத்துக்காக இன்குபேட்டருக்குள் வைக்கும் தண்ணீர்த் தட்டில் ஆட்டோகிளேவ் செய்த டிஸ்டில்டு வாட்டர்தான், ப்ளீச் கலக்கவே கூடாது.

கான்ஃபோகலில் அடிக்கடி நடப்பது இது. 63 எக்ஸ் ஆயில் லென்ஸில் பார்க்கிறார், வேறு இடம் தேட ஸ்லைடை எடுக்காமலே 20-க்கோ 40-க்கோ திருப்புகிறார். ஸ்லைடில் இருந்த எண்ணெய், எண்ணெயே படக்கூடாத லென்ஸின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வருகிறவருக்குப் படம் பனி மூடியது மாதிரி வரும், ஸ்டெயினிங்தான் சொதப்பிவிட்டது என்று நினைத்து ஆன்டிபாடியை மாற்றி மறுபடி செய்வார். லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸ் அது. ஆயில் லென்ஸுக்குப் போனால் ஸ்லைடை எடுத்துத் துடைக்காமல் திரும்பாதீர்கள், லென்ஸ் பேப்பர் தவிர வேறு எதனாலும் துடைக்காதீர்கள், கவர்ஸ்லிப் ஓரத்தை ஒட்டப் பூசிய நெயில் பாலிஷ் காயாத ஸ்லைடை வைக்காதீர்கள். கவர்ஸ்லிப் (சாம்பிளை மூடும் மெல்லிய கண்ணாடி) 0.17 மில்லிமீட்டர் கனம், அதாவது 1.5 எண். படம் பளிச்சென்று வரவேண்டுமென்று கெய்னை (டிடெக்டர் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றி பிக்சலை நிரப்பிவிட்டால் அதிலிருந்து எதையும் அளக்க முடியாது. கண்ட்ரோலுக்கும் சாம்பிளுக்கும் ஒரே செட்டிங்தான்.

ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு வரும்போது 40 மைக்ரான் வலையில் வடிகட்டாமல் வராதீர்கள், அடைத்துக்கொண்டால் அன்றைய புக்கிங் எல்லாம் போச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டெயின் கண்ட்ரோல், ஸ்டெயின் போடாத ஒன்று, இரண்டும் கட்டாயம். மனித ரத்தமோ வைரஸ் ஏற்றிய செல்லோ என்றால் ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், செல் பிரிக்கும் மெஷின் நுண்துளிகளைக் காற்றில் விடக்கூடும்.

திரவ நைட்ரஜனில் விளையாட்டு வேண்டாம். மைனஸ் 196 டிகிரி. திரவத்துக்குள் மூழ்கிக் கிடந்த வயலில் இடுக்கு வழியாக நைட்ரஜன் புகுந்திருந்தால் வெளியே எடுத்ததும் வெடிக்கும், முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் இல்லாமல் எடுக்காதீர்கள். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு, மூடிய அறையில் மூச்சு முட்டும் என்று தோன்றுவதற்கு முன்பே மயங்கி விழுந்துவிடலாம். கேனை லிஃப்டில் ஏற்றினால் ஆள் கூடப் போகக்கூடாது.

அப்புறம், பென் டிரைவ். மைக்ராஸ்கோப் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறினால் மொத்த மெஷினும் நிற்கும், சர்வர் வழியாக எடுங்கள், அன்றைக்கே எடுங்கள், ஏனென்றால் அந்த டிஸ்க்கை அவ்வப்போது காலி செய்வார்கள். மீடியம் சிந்தினாலும் லென்ஸில் எண்ணெய் பட்டாலும் உங்கள் ஃப்ளாஸ்கில் பூஞ்சை வந்தாலும் துடைத்துவிட்டு நழுவாமல் ஆபரேட்டருக்கு உடனே சொல்லுங்கள். திட்டு விழுமோ, கைடுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பூஞ்சை வந்த அன்றே சொன்னால் ஒரு இன்குபேட்டரைக் காலி செய்து கழுவினால் போதும், ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால் அந்த அறையில் இருக்கும் எல்லோருடைய செல்லையும் தூக்கிப் போட வேண்டிவரும்.