மயோசின்-1 வால் சவ்வில் ஒட்டுகிறதா? ட்யூபில் பார்க்கும் வழி

அமீபா ஊரும்போது முன்னால் துருத்திவரும் ஓரத்தில் மயோசின்-1 குவிந்திருப்பதை டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவில் 1989-லேயே பார்த்துவிட்டார்கள். ஒற்றைத் தலை கொண்ட மோட்டார் புரதம் இது. தலை, செல்லின் உள் எலும்புக்கூடான ஆக்டின் இழையைப் பிடிக்கும், வால் சவ்வைப் பிடிக்கும். வாலில் நேர்மின்னேற்றம் அதிகம். சவ்வின் உட்பக்கத்தில் பாஸ்பாடிடில்செரின், பிப்-2 போன்ற எதிர்மின் கொழுப்புகள். இந்தப் பிடிப்பைச் செல்லே இல்லாமல் சோதிக்கலாம். லிபோசோம், அதாவது செயற்கைச் சவ்வுக் குமிழிகளோடு புரதத்தைக் கலந்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால், ஒட்டிய புரதம் குமிழியோடு அடியில் இறங்கும், ஒட்டாதது மேலே நிற்கும். சோதனை எளிது. தயாரிப்பில்தான் கண் வேண்டும்.

மூன்று வகைக் குமிழி செய்யுங்கள்: மொத்த மின்னேற்றம் இல்லாத பாஸ்பாடிடில்கோலின் மட்டும் உள்ளது, அதில் 2 சதவீதம் பிப்-2 சேர்த்தது, 40 சதவீதம் பாஸ்பாடிடில்செரின் சேர்த்தது. கொழுப்புகள் குளோரோஃபார்மில் இருக்கும், அதனால் கண்ணாடி சிரிஞ்சும் கண்ணாடிக் குப்பியும்தான். பிளாஸ்டிக் டிப்பைத் தொட்டால் பிளாஸ்டிக்கும் கரைந்து கலவையில் சேரும். நைட்ரஜன் ஊதிக் காயவையுங்கள், குப்பியைச் சுழற்றிக்கொண்டே, சுவரில் மெல்லிய படலம் படியும்படி. அப்புறம் வெற்றிடத்தில் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும்.

படலத்தை 176 மில்லிமோலார் சுக்ரோஸ் (சர்க்கரை) உள்ள பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாத கரைசலில், கரையுங்கள். வெறும் பஃபர் அடைத்த குமிழி சரியாக இறங்காது, சுக்ரோஸ் அடைத்தது கனத்து இறங்கும். ஐந்து தடவை உறையவைத்து உருக்கி, 100 நானோமீட்டர் துளை ஃபில்டர் வழியாக 11 தடவை தள்ளுங்கள். ஏன் ஒற்றைப்படை? கடைசியில் குமிழிகள் எதிர்ப்பக்க சிரிஞ்சில் வந்து நிற்கும், தள்ளாத கசடு தொடங்கிய பக்கத்திலேயே தங்கிவிடும். பிறகு 100 மில்லிமோலார் உப்பு பஃபரில் கலந்து, ஒரு லட்சம் ஜி (புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு) வேகத்தில் அரை மணி நேரம் சுற்றி, மேல் நீரைக் கொட்டி, வெளியே இருக்கும் சுக்ரோஸை நீக்குங்கள்.

புரதத்தைத் தனியாக ஒருமுறை அதே வேகத்தில் சுற்றி, திரண்டதையெல்லாம் எறிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இதைத் தவிர்த்தவர்கள் கையில் எல்லா ட்யூபிலும் "ஒட்டும்".

நான் கறாராக இருப்பது கால்மோடுலின் விஷயத்தில். மயோசின்-1 வகைகளில் ஒன்றான மயோசின்-1சி-யின் கழுத்துப் பகுதியில் கால்மோடுலின் என்ற சிறு புரதம் உட்கார்ந்திருக்கும்; கால்சியம் பட்டால் அது கழலக்கூடும். அது கழன்றால் கழுத்தும் நேர்மின்னேற்றத்தோடு திறந்து, தானே கொழுப்பில் போய் ஒட்டும். அதை வால் செய்த வேலை என்று எழுதிவிடுவோம். எனவே பஃபரில் கால்மோடுலினைக் கூடுதலாக விடுங்கள், ஈஜிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்து கால்சியத்தைக் கட்டுங்கள். கால்சியம் பிப்-2-ஐயும் திரளவைக்கும் என்பதால் இது இரட்டை லாபம்.

குமிழியே இல்லாத ட்யூப் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். சுவரில் ஒட்டி, தானாக இறங்கிக் காணாமல் போகிற புரதம் எவ்வளவு என்று அதுதான் சொல்லும். சுற்றுவதற்கு முன் ட்யூபில், சுழல் மையத்துக்கு எதிர்ப்புறமாக அமையும் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடியில் படியும் பெல்லட் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது, அந்தக் கோட்டடியில்தான் இருக்கும். மேல் நீரை எதிர்ப்பக்கமாக எடுங்கள்.

மேல் நீரையும், அதே கன அளவில் கரைத்த பெல்லட்டையும் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, புரதப் பட்டையைக் காட்டும் கூமாசி சாயம் போடுங்கள். பிப்-2 குமிழியில் மேல் நீர்ப் பட்டை மங்கி, கோலின் குமிழியில் மங்காமல் இருந்தால், சரி, வால் சவ்வைப் பிடிக்கிறது. கணக்குப் போடும்போது பிப்-2-இல் ஏறக்குறைய பாதிதான் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செரின் குமிழியிலும் ஒட்டியதா? உப்பை 300 மில்லிமோலாருக்கு ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். பட்டை மேல் நீருக்குத் திரும்பிவிட்டால் அங்கே மின்னேற்ற ஈர்ப்புதான் பெரும்பங்கு. அதே உப்பில் பிப்-2 குமிழியையும் மறக்காமல் ஓட்டுங்கள், இரண்டையும் ஒரே ஜெல்லில்.