ஆய்வுகூட இடத்தைக் குத்தகைக்கு எடுக்குமுன்

கொழும்பில் தமது உயிரியல் தொழில்நுட்ப நிறுவனத்தை விரிவாக்க இடம் தேடுவோர், சதுர அடியையும் வாடகையையும் விசாரிப்பதற்கு முன்பே, கட்டடத்தின் மின்பிறப்பாக்கி தமது தளம் முழுவதற்கும் மின்சாரம் தருமா அல்லது மின்தூக்கிக்கும் படிக்கட்டு விளக்குகளுக்கும் மட்டுந்தானா என்று கேட்டறிய வேண்டும். ஏனெனில் 2022 இல் நாம் அனுபவித்ததைப் போன்ற நீண்ட மின்வெட்டு மீண்டும் வந்தால், மறை 80 பாகை செல்சியஸில் பேணப்படும் மாதிரிகளைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

இடம் பார்க்கப் போகும்போது அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். மின்தூக்கியின் கதவுக்குள் நுழையாத உயிரியல் பாதுகாப்புப் பெட்டகமொன்று (கிருமிகள் வெளியே பரவாதபடி அவற்றைக் கையாள உதவும் ஆய்வுகூடச் சாதனம்) கட்டட வாசலிலேயே வெயிலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இரசாயன ஆவியை வெளியேற்றும் குழாயைக் கூரைவரை கொண்டுசெல்ல உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். கழிவு தொடர்பான உரிமங்களை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். பக்கத்து அறை காலியானால் அதை முதலில் உங்களுக்கே தர வேண்டும் என்ற நிபந்தனையை, வாடகைக் குறைப்பை விட்டுக்கொடுத்தேனும், அவ்வுறுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.